வீட்டுக் கடன் தவணை தவறினால் வீட்டை ஏலம் போகாமல் காப்பது எப்படி?

பயிரில் பூச்சி விழுந்தால் முதல் வாரத்திலேயே மருந்து அடிக்கும் விவசாயி, கடன் தவணை தவறினால் மட்டும் ஆறு மாதம் பேசாமல் இருந்து விடுகிறார். வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் பரண் மேல் போடுபவர்கள் பலர். பதிவுத் தபாலை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்புபவர்களும் உண்டு. முடிவில் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். அதற்குள் சட்டம் கொடுத்த அவகாசத்தில் பாதிக்கு மேல் போய் விடுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் இந்தப் பிரச்னை மற்ற ஊர்களை விடச் சற்றுக் கூடுதலாகவே உள்ளது. ஏரிப் பாசன நிலங்களின் நடுவே மனைகள் வந்து விட்டன. ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கரில் கீரை, வெண்டை, மல்லி பயிரிட்டுக் கோயம்பேட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள், ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டக் கடன் வாங்கியுள்ளன. கடனை மாதா மாதம் கட்ட வேண்டும். விவசாய வருமானமோ மாதா மாதம் ஒரே சீராக வருவதில்லை. பெரும்பாலும் பிள்ளைகளின் தொழிற்பேட்டைச் சம்பளத்தை நம்பியே தவணை கட்டப்படுகிறது. அந்த வேலை நின்றாலோ, ஐப்பசி கார்த்திகை மழையில் கீரைப் பாத்தி அழுகினாலோ தவணை நின்று போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதி மக்கள் இதை நேரில் அனுபவித்தனர்.

தவணை தவறிய உடனே வீடு போய் விடாது. வங்கி ஒவ்வொரு படியாகத்தான் வர முடியும். ஒவ்வொரு படியிலும் கடன்காரருக்கு இத்தனை நாள் என்று சட்டம் அவகாசம் தருகிறது. அந்த நாட்களைத் தெரிந்து வைத்திருப்பதும், உரியவரிடம் உரிய நேரத்தில் ஆலோசனை கேட்பதும்தான் வீட்டைக் காக்கும் வழி.

முதல் 90 நாட்கள்

தவணைத் தேதியிலிருந்து 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால், அந்தக் கணக்கை வங்கி வாராக் கடன் என்று வகைப்படுத்துகிறது. இது ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டை எடுக்கும் நடவடிக்கை எதுவும் அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும்.

பயிர்க் கடனுக்கு வேறு கணக்கு. குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவமும், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவமும் பாக்கி நின்ற பிறகே அது வாராக் கடனாகும். பயிர்க் கடனுக்குக் கிடைக்கும் இந்த அவகாசம் வீட்டுக் கடனுக்கும் கிடைக்கும் என்று எண்ணி விவசாயிகள் ஏமாந்து விடக் கூடாது.

90 நாட்கள் என்பது மிகப் பழைய பாக்கியிலிருந்து எண்ணப்படுகிறது. அக்டோபர் 5, நவம்பர் 5, டிசம்பர் 5 ஆகிய மூன்று தவணைகளும் தவறி விட்டன என்று வைத்துக் கொண்டால், ஜனவரி முதல் வாரத்தில் கணக்கு வாராக் கடனாகி விடும். டிசம்பர் முடிவதற்குள் ஒரு தவணையாவது கட்டினால் அது அக்டோபர் பாக்கியில் வரவு வைக்கப்படும். அதன் பின் நவம்பர் 5 முதல் எண்ண வேண்டியிருப்பதால் மேலும் ஒரு மாதம் கிடைக்கும். மூன்றையும் சேர்த்துக் கட்டப் பணமில்லையே என்று ஒன்றையும் கட்டாமல் விடுவது தவறு.

வாராக் கடன் ஆன பிறகு நிலைமை மாறி விடுகிறது. அப்போது ஒரு தவணை கட்டினால் போதாது. அசல், வட்டி நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே 90 நாட்களுக்குள் செய்யும் காரியத்துக்குப் பலன் அதிகம், செலவு குறைவு.

யாரிடம் ஆலோசனை கேட்பது?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்களுக்காகவே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 1968-ல் இயற்றப்பட்ட வீட்டு வசதிச் சட்டம் இதற்கு வழி செய்தது. குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத வேண்டியதை எழுதி, தவணையை மாற்றி அமைக்க உதவுவது அவர்கள் வேலை. நம் நாட்டில் இதே பெயரில் ஒரு பதவி இல்லை. ஆனால் அந்த வேலையைப் பகுதி பகுதியாகச் செய்யும் அமைப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது.

முதலாவது, கடன் கொடுத்த கிளையின் மானேஜர். அவரைப் பார்க்கக் கூச்சப்படத் தேவையில்லை. தவணைக் காலத்தை நீட்டும் மனுவைப் பரிந்துரை செய்பவர் பெரும்பாலும் அவரே.

இரண்டாவது, நிதிசார் எழுத்தறிவு மையம். 2009-ல் ரிசர்வ் வங்கி வகுத்த திட்டப்படி கடன் ஆலோசனை மையங்களாகத் தொடங்கி, 2012-ல் இவை திருத்தி அமைக்கப்பட்டன. மாவட்டத்தின் முன்னோடி வங்கி இவற்றை நடத்துகிறது. கிராம மக்களுக்குச் சேமிப்பு, காப்பீடு, கடன் பற்றிக் கற்றுக் கொடுப்பதே முதல் வேலை என்றாலும், கடனில் சிக்கியவர் சென்றால் வரவு செலவைப் போட்டுப் பார்த்து யோசனை சொல்வார்கள். வங்கிக்கு உத்தரவிடும் அதிகாரம் ஆலோசகருக்கு இல்லை. ஆனால் எதைக் கேட்டால் வங்கி ஒப்புக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். மைய முகவரியை எந்த வங்கிக் கிளையிலும், முன்னோடி வங்கி மானேஜர் அலுவலகத்திலும் கேட்டு அறியலாம்.

மூன்றாவது, சட்டப் பணிகள் ஆணைக் குழு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத் தலைநகரிலும், வட்ட நீதிமன்றங்களிலும் இது செயல்படுகிறது. பெண்கள், ஆதி திராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், இயற்கைச் சீற்றத்தால் பாதிக்கப்பட்டோர், அரசு வகுத்த வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். வீடு மனைவி பெயரில் இருந்தாலோ, மனைவியும் கடனில் கையெழுத்திட்டிருந்தாலோ, அவர் தம் பெயரில் மனுச் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அம்பத்தூர் வட்டம் 2018-ல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்து விட்டது. ஆவடி, பூந்தமல்லி வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன. எந்த மாவட்ட அலுவலகத்துக்குச் செல்வது என்பதை முதலிலேயே கேட்டுக் கொண்டால் வீண் அலைச்சல் மிஞ்சும்.

ஆலோசனைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

வெறுங்கையுடன் சென்றால் யாராலும் உதவ முடியாது. கீழ்க்கண்டவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

1. கடன் அனுமதிக் கடிதமும் கடன் ஒப்பந்தத்தின் நகலும்.
2. கடந்த ஓராண்டுக் கடன் கணக்கு விவரம்.
3. வங்கியிலிருந்து வந்த எல்லாக் கடிதங்களும், அவை வந்த உறைகளும். உறையின் மேலுள்ள தபால் முத்திரைத் தேதி முக்கியம்.
4. வீட்டுப் பத்திரத்தின் நகல், பட்டா, புதிதாக எடுத்த வில்லங்கச் சான்று.
5. நிலத்தின் சிட்டா, அடங்கல்.
6. மற்றக் கடன்களின் பட்டியல். கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன், கைமாற்று எதையும் மறைக்கக் கூடாது.
7. ஓராண்டு வரவு செலவு. மாதவாரியாக எழுதினால் நல்லது.

கடைசியாகச் சொன்னதுதான் பலரிடம் இருப்பதில்லை. எந்த மாதம் பூ விலை ஏறும், எந்த மாதம் மழையால் வருமானம் நின்று போகும் என்பதை விவசாயி அறிவார், வங்கி அறியாது. அதைக் காகிதத்தில் காட்டினால்தான் தவணையை அதற்கேற்ப மாற்றும்படி கேட்க முடியும். விவசாயிகளின் வீட்டுக் கடனுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தவணையை அனுமதிக்கும் வங்கிகளும் உண்டு.

ஓர் உதாரணம்

நேமம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்ளலாம். 10 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், 9 சதவிகித வட்டி, 15 ஆண்டுக் காலம். மாதத் தவணை சுமார் ரூ.10,140. ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பின் பாக்கி சுமார் 8 லட்சம். அம்பத்தூர்த் தொழிற்சாலையில் மகனுக்கு இருந்த ஒப்பந்த வேலை போய் விட்டது. கீரையும் மல்லியும் குடும்பச் செலவு போக மாதம் ஏழாயிரம், எட்டாயிரம்தான் மிச்சம் தருகின்றன.

இந்த நிலையில், மீதமுள்ள 10 ஆண்டை 15 ஆண்டாக நீட்டும்படி கேட்டு மனுச் செய்தால் என்ன ஆகும்? மாதத் தவணை சுமார் ரூ.8,120 ஆகக் குறையும். மாதம் இரண்டாயிரம் ரூபாய் பாரம் இறங்குகிறது. ஆனால் இது இனாம் அல்ல. முழுக் காலத்துக்கும் கணக்கிட்டால் கூடுதலாகச் செல்லும் வட்டி சுமார் ரூ.2,45,000. கடன் வரலாற்றிலும் இது குறிப்பாகப் பதியலாம். அதனால் பின்னர் வேறு கடன் வாங்குவது சற்றுக் கடினமாகும்.

அப்படியானால் நீட்டுவது சரியா? வீடு ஏலம் போவதை விட நிச்சயம் சரி. மகனுக்கு மறுபடி வேலை கிடைத்ததும், அல்லது முகூர்த்தக் காலத்தில் பூ நல்ல விலை போகும்போதும், கையில் உள்ளதை அசலில் கூடுதலாகக் கட்டி வந்தால் காலமும் வட்டியும் குறையும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

இந்தக் குடும்பம் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தவணை கட்டுவதற்காக மீட்டர் வட்டிக்கும் தண்டலுக்கும் பணம் வாங்கக் கூடாது. 9 சதவிகிதக் கடனை அடைக்க அதைப் போலப் பல மடங்கு வட்டிக்குக் கடன் வாங்குவது, கிணற்றைத் தூர்த்து விட்டுத் தண்ணீர் விலைக்கு வாங்குவது போல. அவசரத்துக்கு வீட்டிலுள்ள நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து ஒரு தவணை கட்டுவது அதை விட மேல்.

அறுபது நாள் நோட்டீஸ்

கணக்கு வாராக் கடன் ஆனதும், வங்கிகள் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தைப் பயன்படுத்துகின்றன. நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க இச்சட்டம் அதிகாரம் தருகிறது. இச்சட்டம் செல்லும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும் என்று 2020-ல் தீர்ப்பாயிற்று.

முதலில் 13(2) பிரிவின் கீழ் நோட்டீஸ் வரும். பாக்கி எவ்வளவு, எந்தச் சொத்து என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். பணம் கட்ட 60 நாட்கள் அவகாசம். ஜாமீன் போட்டவருக்கும் நோட்டீஸ் போகும்.

இந்த நோட்டீஸுக்குப் பதில் எழுதும் உரிமை கடன்காரருக்கு உண்டு. கணக்கில் தவறு இருந்தால், கட்டிய பணம் வரவு வைக்கப்படாமல் இருந்தால், அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டிருந்தால், அதை எழுத வேண்டும். தவணையை மாற்றி அமைக்கும்படியும் கேட்கலாம். பதில் கிடைத்த 15 நாட்களுக்குள் வங்கி பரிசீலித்து, ஏற்காவிட்டால் காரணத்தைத் தெரிவித்தாக வேண்டும். கடிதத்தை ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்கிக் கொள்ள வேண்டும். வாய்ப் பேச்சு எதற்கும் சாட்சி ஆகாது.

நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆனால் சம்மதம் கேட்டு விற்கலாம். இந்தப் பகுதியில் இது முக்கியமான வழி. வீட்டோடு சேர்ந்து அரைக் கிரவுண்டு காலி மனை இருந்தால், அதை மட்டும் பிரித்து நல்ல விலைக்கு விற்று, பணத்தை நேராகக் கடனில் கட்டுவதாக வங்கிக்கு எழுதலாம். ஏலத்தில் பெரும்பாலும் வெளிவிலை கிடைப்பதில்லை. தானே ஆளைத் தேடி விற்றால் வீடாவது மிஞ்சும்.

சுவாதீன நோட்டீஸ்

60 நாட்கள் கடந்தும் பணம் வராவிட்டால், 13(4) பிரிவின் கீழ் வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுக்கிறது. முதலில் பெரும்பாலும் பெயரளவில்தான். வீட்டில் நோட்டீஸ் ஒட்டி, ஏழு நாட்களுக்குள் இரண்டு செய்தித்தாள்களில், அதில் ஒன்று வட்டார மொழியில், விளம்பரம் செய்வார்கள். குடும்பம் வீட்டிலேயே இருக்கலாம். ஆளை வெளியேற்றி வீட்டைப் பூட்ட மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் உத்தரவை வாங்குவதே நடைமுறை. சென்னையில் அந்த அதிகாரம் தலைமைப் பெருநகர நடுவருக்கு உண்டு. வசூல் ஆட்கள் தாங்களாகவே வந்து சாமானை வெளியே எடுத்துப் போடுவது சட்ட விரோதம்.

சுவாதீன நோட்டீஸ் வந்த நாள் முதல் 45 நாட்களுக்குள் சென்னையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அதற்கு முன், அறுபது நாள் நோட்டீஸை மட்டும் வைத்துக் கொண்டு அங்கே போக முடியாது. நோட்டீஸ் முறைப்படி வரவில்லை, பதிலுக்குக் காரணம் சொல்லவில்லை, விளம்பரம் விதிப்படி இல்லை என்பன போன்ற காரணங்களை அங்கே சொல்லலாம். மனுச் செய்வதற்குக் கடன் தொகையில் முக்கால் பங்கை முதலில் கட்ட வேண்டும் என்று சட்டத்தில் இருந்த நிபந்தனையை 2004-ல் உச்ச நீதிமன்றம் நீக்கி விட்டது. ஆனால் தீர்ப்பாயத்தில் தோற்று மேல்முறையீடு செல்லும்போது தொகையில் பாதி, குறைந்தது கால் பங்கு கட்ட வேண்டியிருக்கும். ஆகவே முதல் மனுவையே நல்ல வக்கீலைக் கொண்டு ஒழுங்காகப் போட வேண்டும்.

ஏல அறிவிப்புக்கு முந்திய நாள்

விவசாயிகள் மனத்தில் பதிய வைக்க வேண்டிய தேதி ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஏலத்துக்கு முன் கடன்காரருக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. ஏலம் வரை பணம் கட்டி மீட்டு விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முன்பு அப்படி இருந்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே பாக்கி முழுவதையும் செலவுடன் கட்டினால்தான் மீட்கும் உரிமை நிலைக்கும். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அறிவிப்பு வந்த பிறகு பணத்துடன் ஓடினால், வாங்கிக் கொள்ளச் சொல்லி உரிமையாகக் கேட்க முடியாது. ஆகவே உறவினரிடம் பணம் புரட்டுவதானாலும், காலி மனையை விற்பதானாலும், சுவாதீன நோட்டீஸ் வந்த மறுநாளே தொடங்கி விட வேண்டும்.

அப்படியும் ஏலம் நடந்து விட்டால், கடனும் செலவும் போக மிஞ்சும் பணம் கடன்காரருக்கே சேர வேண்டும். அதைக் கேட்டு வாங்க மறக்கக் கூடாது.

விவசாய நிலத்துக்கு விலக்கு

சர்பாசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு சிலவற்றுக்கு விலக்குத் தருகிறது. விவசாய நிலத்தை இச்சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் பாக்கி 20 சதவிகிதத்துக்கும் குறைவாக இருந்தால் இச்சட்டம் பொருந்தாது. ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்படாத அடமானத்துக்கும் பொருந்தாது.

ஆனால் பட்டாவில் நஞ்சை, புஞ்சை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அடமானம் வைத்த காலத்தில் அந்த நிலத்தில் உண்மையில் பயிர்த் தொழில் நடந்ததா என்று பார்ப்பார்கள். அதைக் கடன்காரரே நிரூபிக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. மனை போட்டுக் கல் நட்ட நிலத்துக்கு விலக்குக் கேட்பது கடினம். ஆண்டுதோறும் அடங்கலில் பயிரைப் பதிவு செய்து நகல் வாங்கி வைப்பவருக்கே இந்தச் சட்டம் கை கொடுக்கும்.

விலக்கு உண்டு என்பதால் கடன் தள்ளுபடி ஆகி விடாது. வங்கி வழக்குப் போட்டு வசூலிக்கலாம். குடியிருக்கும் வீட்டுக்கு 31-ஆம் பிரிவில் விலக்கே இல்லை.

அடமானம் இல்லாத கைக் கடனுக்கு வேறொரு பாதுகாப்பு உண்டு. புரோநோட்டுக் கடனுக்காக நீதிமன்ற டிகிரி வாங்கி வந்தாலும், விவசாயி குடியிருக்கும் அவருடைய சொந்த வீட்டை ஜப்தி செய்யக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கூறுகிறது. பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவிகளுக்கும் மாடுகளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆனால் தானே அடமானம் வைத்துக் கொடுத்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது அரிது.

தனியாரிடம் அடமானம்

தனியார் வட்டிக் கடைக்காரர் சர்பாசி சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. அவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு டிகிரி வாங்கித்தான் அடமான வீட்டை விற்க முடியும். பணம் கட்டி மீட்க அங்கே கூடுதல் அவகாசம் கிடைக்கும். இது தெரிந்துதான் சிலர் அடமானப் பத்திரம் எழுதாமல், கிரய ஒப்பந்தமோ பொது அதிகாரப் பத்திரமோ எழுதி வாங்குகிறார்கள். வட்டி தவறினால் அந்த அதிகாரத்தைக் கொண்டு வீட்டை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்து விடுகிறார்கள். நில விலை ஏறியுள்ள சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த ஆபத்து அதிகம்.

கடனுக்கு ஈடாக வீட்டைக் கொடுப்பதானால் அடமானப் பத்திரம்தான் எழுத வேண்டும். பவர், கிரயம், எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து எதுவும் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது நல்லது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. காவல் நிலையத்திலோ ஆட்சியரிடமோ புகார் செய்யலாம்.

மக்கள் நீதிமன்றம்

வழக்கு நடக்கும்போதும், வழக்குக்கு முன்பும் வங்கிக் கடன் தகராறை மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம். கட்டணம் இல்லை. வட்டியில் தள்ளுபடி, தவணை முறையில் கட்டுதல் என்று இரு தரப்பும் இணங்கி முடிவு செய்யலாம். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் அது நீதிமன்ற டிகிரிக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. எனவே கட்ட முடியாத தொகைக்கு, அங்குள்ள அவசரத்தில், சரி என்று சொல்லி விடக் கூடாது. முதல் நாள் இரவே வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டுக் கொண்டு போக வேண்டும்.

ஒரே தவணையில் குறைத்துக் கட்டித் தீர்க்கும் திட்டமும் வங்கிகளில் உண்டு. ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது, வங்கியின் விருப்பம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறி விட்டது. எனவே அதை மட்டும் நம்பி நாட்களைக் கடத்தக் கூடாது.

வங்கியின் நடத்தையில் குறை இருந்தால் முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். தொலைபேசி எண் 14448. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ, மாலை 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைத்துத் தொல்லை தருவதை 2022-ல் ரிசர்வ் வங்கி தடை செய்துள்ளது. ஆனால் புகார் கொடுத்ததாலேயே கடன் நடவடிக்கை நின்று விடாது.

இடைத் தரகர்கள்

ஏல விளம்பரம் வந்த வீட்டைத் தேடித் தரகர்கள் வருவார்கள். மானேஜரைத் தெரியும், பாதித் தொகைக்கு முடித்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பார்கள். வேறு சிலர், வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் கடனை அடைத்து விட்டுத் திருப்பி எழுதித் தருகிறேன் என்பார்கள். இரண்டையும் நம்பக் கூடாது. சட்டப் பணிகள் ஆணைக் குழு இலவசமாகச் செய்து தரும் காரியத்துக்கு யாருக்கும் முன்பணம் கொடுக்கத் தேவையில்லை. கட்டும் பணத்தைக் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்க வேண்டும்.

கடன் வாங்கியவர் இறந்து விட்டால், கடனோடு ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டதா என்று வாரிசுகள் முதலில் விசாரிக்க வேண்டும். காப்பீடு இருப்பதே தெரியாமல் கடனைக் கட்டித் திணறும் குடும்பங்கள் உண்டு.

கடன் முழுவதும் தீர்ந்ததும் 30 நாட்களுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. பத்திரத்தை வாங்கியதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்தால்தான் வில்லங்கம் நீங்கும்.

சுருக்கமாக

முதல் தவணை தவறும் என்று தெரிந்த அன்றே கிளைக்குச் சென்று எழுதிக் கொடுக்க வேண்டும். 90 நாட்களுக்குள் ஒரு தவணையாவது கட்ட வேண்டும். அறுபது நாள் நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டும். சுவாதீன நோட்டீஸ் வந்தால் 45 நாட்களுக்குள் தீர்ப்பாயம். மீட்பதானால் ஏல அறிவிப்புக்கு முன். இந்த நாட்களை வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்கலாம். ஏரியில் தண்ணீர் இருக்கும்போதே நாற்று விடுவது போல, அவகாசம் இருக்கும்போதே ஆலோசனை கேட்பவரின் வீடுதான் நிலைக்கும்.